காது மன்னிக்கும், மைக் மன்னிக்காது

வானொலி நிலையம் நடத்த உயர்ந்த கோபுரம் வேண்டும். அனுப்பு கருவி வேண்டும். அரசின் உரிமம் வேண்டும். இவை எதுவுமின்றி, ஒரு கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்து, உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தமக்கு வசதியான நேரத்தில் கேட்கும்படி செய்ய இன்று முடிகிறது. இதற்குப் ‘பாட்காஸ்ட்’ என்று பெயர். தமிழில் ‘வலையொலி’ என்கிறோம். இணையத்தின் செய்தியோடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்பும் முறை 2000ஆம் ஆண்டின் இறுதியில் உருவாயிற்று. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இதற்குப் பொருத்தமான பெயர் என்னவாக இருக்கலாம் என்று எழுதியபோது, ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல்லையும் ஒன்றாகக் குறிப்பிட்டார். அது நிலைத்துவிட்டது.

வலையொலியைத் தயாரிப்பது எளிது. ஆனால் பிறரைக் கேட்க வைப்பது எளிதன்று. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு, நன்றாகப் படித்துத் தயார் செய்து, தெளிவாகப் பேசியும் இருப்பார்கள். இருந்தும் ஐந்தே நிமிடத்தில் கேட்பவர் நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், “கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது”, “ஒரே இரைச்சல்”, “ஒருவர் பேச்சு கேட்கவில்லை, மற்றவர் பேச்சு காதைக் குடைகிறது” என்பார். இக்குறைகளுள் பெரும்பாலானவை பேசுபவரின் அறிவிலோ நாவிலோ இல்லை. அவை ஒலியியல் பிழைகள். காரணம் தெரிந்தால் பைசா செலவின்றித் தவிர்க்கக் கூடியவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காதும் மைக்கும் ஒன்றல்ல

எல்லாப் பிழைகளுக்கும் வேர் ஒன்றுதான். நாம் கேட்பதைப் போலவே மைக்கும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேளம் ஒரு பக்கம், பாத்திரங்களின் ஓசை ஒரு பக்கம், நூறு பேரின் பேச்சு ஒரு பக்கம். அவ்வளவு இரைச்சலிலும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பர் சொல்வது உங்களுக்குப் புரிகிறது. இது எப்படி முடிகிறது? 1953இல் காலின் செரி என்ற அறிஞர் இக்கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து கொடுத்தால் ஒன்றைப் பிரித்து அறியக் கேட்பவர் மிகவும் திணறினார். அதே பேச்சுகளை ஒரு காதுக்கு ஒன்றாகக் கொடுத்தபோது, விரும்பியதை எளிதில் பின்தொடர்ந்தார். நமக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை கணித்து, வேண்டியதை முன்னே நிறுத்தி, வேண்டாததைப் பின்னே தள்ளிவிடுகிறது.

மைக்கினுள் இருப்பது என்ன? ஒரு மெல்லிய தகடு. காற்றின் அழுத்தம் மாறும்போது அது அதிர்கிறது. அந்த அதிர்வு மின்குறியாக மாறுகிறது. அவ்வளவுதான். உங்கள் குரலும் அதற்கு அழுத்த மாறுபாடுதான். மின்விசிறியின் இரைச்சலும் அழுத்த மாறுபாடுதான். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

ஐயமிருந்தால் சோதித்துப் பாருங்கள். தேநீர்க் கடையில் நண்பருடன் பேசும்போது, கைபேசியை மேசைமேல் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து கேளுங்கள். அங்கு இருந்ததாகவே நீங்கள் அறியாத பேருந்தும், கண்ணாடித் தம்ளரும், பாய்லரும் இப்போது முன்னணியில் நிற்கும். பதிவு தொடங்குமுன் கண்ணை மூடி அரை நிமிடம் சுற்றுப்புற ஓசைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் தேவையாகிறது. பதிவின்போது செவிப்பொறியை மாட்டிக்கொண்டு, மைக் கேட்பதையே நீங்களும் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

தூரம் என்னும் பிழை

புதிதாகப் பதிவு செய்பவர்கள் செய்யும் முதல் பிழை, மைக்கைத் தொலைவில் வைப்பது. நான்கு பேர் வட்டமாக அமர்ந்து, நடுவே ஒரு கைபேசியை வைத்துப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பள்ளியில் படித்த விதி. தொலைவு இரண்டு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். அதாவது 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 15 செ.மீ. தொலைவில் மைக் இருக்கிறது என்க. அதை 120 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுபோனால் தொலைவு 8 மடங்கு கூடுகிறது. குரலின் செறிவு 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. இது 18 டெசிபல் இழப்பு.

ஆனால் மின்விசிறியின் இரைச்சல் அப்படிக் குறைவதில்லை. அறை முழுவதும் அது ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருக்கிறது. ஆகவே மைக் விலக விலக, குரல் மட்டும் தேய்கிறது. இரைச்சல் அப்படியே நிற்கிறது. பின்னர் குரலைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் பதிவு செய்த கணத்திலேயே முடிவாகிவிட்டது.

எனவே ஒரு சாண் அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரித்த கையின் பெருவிரலை உதட்டருகே வைத்தால், சுண்டுவிரல் தொடும் இடத்தில் மைக் இருக்க வேண்டும். இருவர் பேசினால் இரண்டு மைக்குகள் நல்லது. ஒன்றுதான் உண்டு என்றால், தோளோடு தோள் நெருங்கி அமருங்கள். அல்லது பேட்டி எடுப்பவர் தம் கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு, பதில் சொல்பவர் அருகே மைக்கை நகர்த்தட்டும். பெரும்பாலான கைபேசிகளில் பேச்சுக்கான மைக் கீழ் விளிம்பில் ஒரு சிறு துளையாக இருக்கும். அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுவோரும் உண்டு!

அறை என்னும் பிழை

மைக்குக்கு உங்கள் குரல் ஒரே வழியில் வருவதில்லை. வாயிலிருந்து நேராக வரும் ஒலி முதலில் சேர்கிறது. சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் அதன் பின்னே வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. இதுவே எதிர்முழக்கம். கிணற்றுக்குள் பேசுவது போன்ற தன்மை இதனால்தான் வருகிறது.

இதை முதன்முதலாக எண்களால் அளந்தவர் வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறை புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அதில் பேசுவது எவருக்கும் புரியவில்லை. குறையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு சபினிடம் வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துகடிகாரம், தம் சொந்தக் காதுகள், இவ்வளவுதான். ஊரடங்கிய நள்ளிரவில் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஒலி முற்றிலும் மறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார். காலி அறையில் ஐந்தரை வினாடிக்கு மேல் ஆயிற்று! பேச்சில் வினாடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. ஓர் அசை மறையுமுன் இருபது அசைகள் அதன்மேல் ஏறி நின்றால் எப்படிப் புரியும்?

அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அந்த அறையில் அடுக்கினார் சபின். மெத்தைகள் கூடக் கூட எதிர்முழக்கம் குறைந்துகொண்டே வந்தது. இதிலிருந்து எளிய தொடர்பு ஒன்று கிடைத்தது. எதிர்முழக்க நேரம், அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உட்கவரும் அளவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உட்கவர்தலால் வகுத்தால், செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் வினாடிகளில் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகரின் ‘சிம்ஃபனி ஹால்’ இசையரங்கு, சபினின் இந்தக் கணக்கைத் துணைகொண்டு அமைக்கப்பட்டது.

இதை நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்ப்போமா? நீளம் 3.6 மீ., அகலம் 3 மீ., உயரம் 3 மீ. கன அளவு 32.4 கன மீட்டர். எல்லாப் பரப்புகளும் சேர்ந்து 61.2 சதுர மீட்டர். பூசிய சுவரும் மொசைக் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கை உட்கவர்கின்றன என்று கொண்டால், மொத்த உட்கவர்தல் சுமார் 2.45 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் 2.1 வினாடி. இத்தகைய வெற்று அறையில், வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தொலைவைத் தாண்டினாலே, நேராக வரும் குரலைவிட அறை திருப்பி அனுப்பும் ஒலி மிகுந்துவிடும்.

அதே அறையில் பஞ்சு மெத்தையை விரியுங்கள். சன்னலுக்குக் கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வையுங்கள். மொத்த உட்கவர்தல் 10 சதுர மீட்டர் ஆகிவிட்டால், நேரம் அரை வினாடியாகச் சுருங்குகிறது. பேச்சுக்கு அது போதும். பீரோவின் திறந்த கதவுக்கு முன் அமர்ந்து, உள்ளே தொங்கும் துணிகளை நோக்கிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விலை உயர்ந்த மைக் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். மொட்டை அறையில் நல்ல மைக்கை வைத்தால், அது எதிர்முழக்கத்தையும் நன்றாகவே பதிவு செய்யும்!

மென்மை வேறு, கனம் வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுவரெங்கும் முட்டைத் தட்டுகளை ஒட்டிவிட்டால் தெருச் சத்தம் உள்ளே வராது என்று பலர் நம்புகின்றனர். அது வெறும் மெல்லிய அட்டை. வெளி ஒலியைத் தடுக்கத் தேவையானது மென்மையன்று, கனம். செங்கல் சுவர் ஒலியைத் தடுப்பதற்குக் காரணம், அதை அசைப்பது கடினம் என்பதே. மெத்தையும் போர்வையும் அறைக்குள் பிறந்த ஒலி சுற்றித் திரிவதை அடக்கும். லாரியின் ஓசை உள்ளே வருவதை அடக்கா. கதவின் அடியில் விரலளவு இடுக்கு இருந்தால் காற்று நுழைவதுபோல் ஒலியும் நுழையும்.

ஆகவே தெருச் சத்தத்துக்கு மருந்து, நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயிலில் விசிறியின்றி ஒரு மணி நேரம் அமர முடியாது. பத்துப் பத்து நிமிடமாகப் பதிவு செய்து, இடையில் விசிறியைப் போட்டு இளைப்பாறலாம். குளிர்பதனப் பெட்டியின் சாவிமேல் உங்கள் வீட்டுச் சாவியை வைத்துவிடுங்கள். மீண்டும் இயக்க மறக்கமாட்டீர்கள்.

‘ப’ என்னும் புயல்

உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து, “அப்பப்பா!” என்று வியப்போடு சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ‘ப்ப’வுக்கும் கையில் காற்று மோதுகிறது. உதடுகளை மூடி, உள்ளே அழுத்தத்தைச் சேர்த்து, திடீரெனத் திறப்பதால் எழும் காற்று இது. ஒலி அலையில் காற்று முன்னும் பின்னும் அதிர்கிறதேயன்றி இடம் பெயர்ந்து ஓடுவதில்லை. இதுவோ ஓடும் காற்று. தகட்டின்மேல் நேரே மோதி, ‘டொம்’ என்ற குத்தொலியை எழுப்புகிறது.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், அதே ஒரு சாண் தொலைவில் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். காற்று நேரே போய்விடும். ஒலி எல்லாப் பக்கமும் பரவுவதால் மைக்கை வந்தடையும். வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய நைலான் துணியை இடையில் நிறுத்துவதும் உதவும்.

உச்சியை வெட்டும் பிழை

டிஜிட்டல் பதிவில், அலையின் உயரம் ஒவ்வொரு வினாடியும் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. 1982இல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தகட்டில் இது வினாடிக்கு 44,100 முறை. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றில் வைக்கப்படுகிறது. இன்றும் வலையொலிக்கு இது தாராளமாகப் போதும்.

இந்தப் படிக்கட்டுக்கு உச்சிப் படி ஒன்று உண்டு. அதற்குமேல் எண் இல்லை. பேசுபவர் திடீரென்று உரக்கச் சிரித்தால், அலை உச்சியைத் தாண்ட முயல்கிறது. தாண்ட முடியாமல் அதன் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. குரலில் இல்லாத புதிய அதிர்வெண்கள் அதில் தோன்றிக் கரகரப்பாகக் கேட்கின்றன. வெட்டுண்ட தலையின் உண்மை வடிவம் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இதற்கு அஞ்சி மிகவும் தாழ்த்திப் பதிவு செய்வதும் பிழையே. உச்சிக்கு 36 டெசிபல் கீழே பதிவு செய்தால், 65,536 படிகளில் 1,024 மட்டுமே பயன்படுகின்றன. கருவியின் சொந்த இரைச்சலும் குரலோடு சேர்ந்து தலை தூக்கும். இயல்பான பேச்சின் உயர்ந்த இடங்கள், உச்சிக்குச் சுமார் 12 டெசிபல் கீழே நிற்கும்படி முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். சோதனை செய்யும்போது “ஒன்று, இரண்டு, மூன்று” என்று முணுமுணுக்காமல், நிகழ்ச்சியில் பேசப் போகும் அதே வேகத்தில், அதே ஆர்வத்தில் பேசிப் பாருங்கள்.

வெளியூர் விருந்தினரைத் தொலைபேசி வழியே பேட்டி காண்போர் ஒன்றைக் கவனிக்கவும். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அனுப்பியது. இணைய அழைப்பிலோ இணைப்புத் தளரும்போது சொற்கள் உதிர்ந்துபோகும். எனவே பேசுவதற்கு மட்டும் அழைப்பைப் பயன்படுத்துங்கள். குரலை இருவரும் அவரவர் இடத்திலேயே தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் சேர்ந்து ஒரு முறை கைதட்டிவிட்டால், இரண்டு பதிவுகளையும் அந்தக் கைதட்டலை வைத்து ஏறத்தாழப் பொருத்திவிடலாம்.

“பிறகு சரிசெய்துகொள்ளலாம்” என்னும் பிழை

மேற்சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இதுதான். இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள்கள் இன்று மிகவும் முன்னேறியுள்ளன, மறுக்கவில்லை. ஆனால் விசிறியின் இரைச்சலும் மனிதக் குரலும் ஒரே அதிர்வெண் எல்லையில் கலந்து கிடக்கின்றன. இரைச்சல் மெலிதாக இருந்தால் மென்பொருள் அழகாக நீக்கிவிடும். இரைச்சலுக்குள் குரல் மூழ்கிவிட்டால், சொல்லின் ஒரு பகுதியையும் சேர்த்தே அரித்துவிடும். அல்லது இருந்திருக்கக்கூடியதை ஊகித்து நிரப்பும். ஊகம் வேறு, பதிவு வேறு.

எங்கள் கல்லூரி மாணவி ஒருவர், தறி நெய்து ஓய்வுபெற்ற தம் தாத்தாவை நாற்பது நிமிடம் பேட்டி கண்டார். பழைய சேலைக் கரைகளின் பெயர்களை எல்லாம் அந்தப் பெரியவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கைபேசி நான்கடி தள்ளி ஒரு பெஞ்சின்மேல், மேசை விசிறிக்கு அருகே இருந்திருக்கிறது. சில மாதங்களில் பெரியவர் காலமாகிவிட்டார். அதன் பிறகுதான் அந்தப் பதிவு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. இரைச்சலைக் குறைத்தோம். அவர் பேசுகிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. சிரிப்பதும் இருமுவதும் கேட்கின்றன. கரைகளின் பெயர்களில் பாதிக்குமேல் எவருக்கும் பிடிபடவில்லை. அந்த விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்தி, கைபேசியை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும்.

தம் குரலைப் பதிவில் கேட்டதும் ‘இது என் குரலா?’ என்று வெட்கப்பட்டு, அதை மாற்ற முனைவோரும் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியே மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பு வழியேயும் உட்செவிக்கு வருகிறது. எலும்பு தாழ்ந்த சுரங்களை நன்றாகக் கடத்துவதால், நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. உங்கள் நண்பர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருவது பதிவிலுள்ள அந்தக் குரலைத்தான். அதை மாற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பதிவு முடிந்ததும் எழுந்துவிடாமல், எவரும் பேசாத அரை நிமிட மௌனத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அறையின் மௌனமும் தனித்தன்மை உடையது. இடையில் ஒரு சொல்லை வெட்டி நீக்கினால், அந்த இடத்தில் இந்த மௌனத்தை வைத்து ஒட்டலாம், ஒட்டியது தெரியாது. மூலப் பதிவைச் சுருக்காத வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு ஒற்றைத் தடத்தில் சுமார் 318 மெகாபைட் ஆகும். வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, வினாடிக்கு 64,000 பிட் அளவுக்கு ஒரே ஒருமுறை சுருக்கினால் 29 மெகாபைட்டில் அடங்கும். கேட்பவரின் பணமும் மிச்சமாகும்.

செய்து பாருங்கள்

இந்த இதழை மூடிவைத்த கையோடு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். விசிறி ஓடும் அறையில் ஒரே வாக்கியத்தை நான்கு முறை, ஒரே குரலில் பேசுங்கள். கைபேசியை முதலில் ஒரு சாண் தொலைவிலும், அடுத்து இரண்டு, நான்கு, எட்டுச் சாண் தொலைவுகளிலும் வையுங்கள். பிறகு விசிறியை நிறுத்தி, மெத்தையையும் போர்வையையும் விரித்து, மீண்டும் அதே நான்கு தொலைவுகளில் பதிவு செய்யுங்கள். எட்டுப் பதிவுகளையும் செவிப்பொறியில் அடுத்தடுத்துக் கேளுங்கள். எதிர் இருமடி விதியும் சபினின் தொடர்பும் உங்கள் காதுக்கே கேட்கும்.

அதன் பிறகு, உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவர் அருகே போய் அமருங்கள். ஒரு சாண் தொலைவில்.